வலிக்காத விரல்

பெடாஸ் பக்கத்து எஸ்டேட்டில் என் பழைய டிராக்டரைப் பார்க்க வந்த மெக்கானிக்குக்கு ஆள்காட்டி விரல் பாதிதான். இன்ஜின் ஓடும்போது டீசல் குழாயில் எங்கே கசிகிறது என்று அறிய, கையால் தொடாமல் ஓர் அட்டைத் துண்டை அருகே நீட்டினார். பயந்த ஆள் என்று சிரித்துக்கொண்டே நான் குழாயை விரலால் தடவினேன். நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான்.

அதைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"வலிக்குதா?"

"இல்ல லா அண்ணே."

"ஊசி மாதிரி பீய்ச்சுற டீசல்டா, தோலைத் துளைச்சு உள்ள போயிருச்சு. மோட்டார் சைக்கிள்ல ஏறு, சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"இதுக்கா?"

பாதி விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"எனக்கும் வலிக்கல."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கீறியபோது, என் விரலுக்குள்ளிருந்து டீசல் வாடை அடித்தது. விரல் பிழைத்தது. கதவருகே நின்ற அவரோ, இல்லாத தன் விரல்நுனியைத் தடவிக்கொண்டிருந்தார்.