பட்டப்பகலில் ஐஸ்கிரீம் தின்ற யாகூப்

கண்ணால பார்த்தோம்னு சொல்றீங்களே, யாரு இல்லேன்னா? நோன்பு மாசத்துல, மதியம் பன்னண்டு மணிக்கு, பெரிய மார்க்கெட் பக்கத்துக் கடையில யாகூப் சுவரைப் பார்த்து நின்னு ஐஸ்கிரீம் கப்பைச் சுரண்டினது நெசம்தான். வலது கன்னம் பணியாரம் மாதிரி வீங்கிக் கெடந்ததை மட்டும் ஏன் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறீங்க?

பதினெட்டு வருஷமா தெருப் பள்ளிவாசல்ல நோன்புக்கஞ்சி காய்ச்சுற மனுஷன். நோன்பு வெச்ச வாயால ருசி பார்க்கக் கூடாது. அண்டா மேல குனிஞ்சு ஆவியை ஒரு இழுப்பு இழுப்பார்; உப்பு போதுமா போதாதான்னு மூக்கே சொல்லிடும். இந்த வருஷம் அஞ்சாம் நோன்புலயே கடைவாய்ப்பல் குடைய ஆரம்பிச்சிடுச்சு. பெருநாள் வரைக்கும் தாங்கும்னு நாலு நாள் பல்லைப் பிடிச்சிக்கிட்டே கஞ்சியைக் கிண்டினார். ஒம்பதாம் நாள் காய்ச்சல் வந்ததும், பொண்டாட்டி ஜீனத்துன்னிசா ஆட்டோவை வாசல்ல நிறுத்திட்டாங்க.

பல்லைப் பிடுங்கின டாக்டரம்மா, "சீழ் கோத்திருந்தது. ரத்தம் நின்னதும் ஐஸ்கிரீம் சாப்பிட்டு மாத்திரை போடுங்க"ன்னாங்க.

வாய் நெறைய பஞ்சு. யாகூப் சாயங்காலம்னு கையால காட்டினார்.

"இப்பவே."

"விட்ட நோன்பை அப்புறம் வெச்சிக்கலாம், வாங்க"ன்னு ஜீனத்துன்னிசா கடைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா கூழாயிடும்னு அங்கயே தின்ன வெச்சாங்க. "என்ன பாய், நோன்பு இல்லையா?"ன்னு எவரோ கேட்க, ஊசியில மரத்த வாய் பதில் சொல்லல. அதான் தெரு முழுக்கப் பேச்சாச்சு.

அன்னிக்கே ஜமாத்துப் பொறுப்புல இருக்கிற ஷஃபீக் போன் பண்ணார்: "கஞ்சியை நாங்க பார்த்துக்குறோம், நீங்க வீட்லயே இருங்க."

வலி போச்சு. ராத்திரி குறட்டை விட்டுத் தூங்கினார். ஆனா மூணு நாளா வாசப்படி தாண்டல.

"பல்லுதானே போச்சு, காலு இருக்குல்ல?"

"இனி அண்டா கிட்ட விடுவாங்களா ஜீனத்து?"

ஜீனத்துன்னிசா வாக்குவாதம் பண்ணல. பிடுங்கின பல்லைக் காகிதத்துல மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, குழாயடியில நின்னவங்க ஒவ்வொருத்தர் முன்னாடியும் பிரிச்சுக் காட்டினாங்க. "மூணு வேரு. எண்ணிக்கங்க. இதோட நாலு நாள் உங்களுக்குக் கஞ்சி காய்ச்சினார்."

நாலாம் நாள் மதியம் ஷஃபீக்கே வந்து நின்னார். "அண்ணே, நேத்து கஞ்சியைக் குடிச்சவங்க தண்ணிக் குடத்தைக் காலி பண்ணிட்டாங்க."

"யாரு உப்பு போட்டது?"

"நாலு பேரு. ஒருத்தர் போட்டது இன்னொருத்தருக்குத் தெரியாது."

யாகூப் கன்னத்தைப் பிடிச்சிக்கிட்டே சிரிச்சார். "என்னை வேணாம்னு சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன்."

"உடம்பு சரியில்லாத ஆளு ஓய்வெடுக்கட்டும்னு சொன்னேன். ஊரு பேசினதையும் என் கணக்குல சேர்த்துட்டீங்களா? கிளம்புங்க. மாத்திரை முடியிற வரைக்கும் உங்களுக்கு நோன்பும் இல்ல, நாக்குல வெச்சே உப்பு பார்த்துக்கலாம்."

"எதுக்கு? மூக்கு நல்லாத்தானே இருக்கு."

தொப்பியை எடுத்து மாட்டிக்கிட்டு, செருப்பைக் கால்ல நுழைச்சுக்கிட்டு, யாகூப் படியிறங்கிப் போனார்.