கிளவுடுக்குப் போகாத மூன்றாம் அத்தியாயம்

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் எங்கள் மந்தைவெளி வீட்டில் என் துடைப்புத் துணிக்குத் தப்பிய பொருள் கிடையாது. மிக்ஸி, மின்விசிறி, ஸ்கூட்டர் எல்லாம் முடித்துவிட்டுக் கணினியிடம் வந்தேன். தூசி தட்டியதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே! உள்ளேயும் சுத்தம் செய்யலாம் என்று உட்கார்ந்தேன்.

அது பழைய கணினி, அதைவிடப் பழைய ஓஎஸ். என் மனைவிக்குப் பழகிய தமிழ்த் தட்டச்சு அதில்தான் ஓடும் என்பதால் மாற்றாமல் வைத்திருந்தோம். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, ஐம்பத்திரண்டு வயதில் முனைவர் பட்ட ஆய்வேட்டை அதில் எழுதிக்கொண்டிருந்தாள். சைதாப்பேட்டைச் சந்தையில் காய்கறி விற்கும் பெண்களைப் பற்றியது. தை மாதத்துக்குள் சமர்ப்பிக்க வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தை அப்போதுதான் முடித்திருந்தாள். திருத்தி முடிக்காமல் வழிகாட்டிக்குக் காட்டுவது அவள் வழக்கமில்லை.

ஹார்ட் டிஸ்க் நிரம்பி வழிந்தது. அவளுடைய ஃபோல்டர்தான் தானாகவே இணையத்தில், கிளவுடில், சேமிப்பாகிவிடுகிறதே, இங்கே எதற்கு இன்னொன்று என்று அழித்தேன். அந்தப் பெண்கள் பேசிய ஒலிப்பதிவுகளும் அதில்தான் இருந்தன. திரையின் மூலையில் இருந்த குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். கிடைத்த இடத்தில் மகளின் கல்யாண வீடியோவை ஏற்றினேன். பிறகு கணினிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பூஜையன்று யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு வேறு போட்டேன்.

விஜயதசமி காலையில் அவள் கணினியைத் திறந்தாள்.

"என்னங்க, மூணாவது அத்தியாயத்தைக் காணோமே?"

"கிளவுட்ல இருக்கும் பாரு" என்றேன், நாளிதழிலிருந்து தலையைத் தூக்காமல்.

செல்போனில் திறந்து பார்த்தாள். முதல் இரண்டு அத்தியாயங்கள் இருந்தன. அதற்கப்புறம் ஒரு வருடமாக எழுதியதில் ஒரு வரிகூட இல்லை.

கணினியைத் தூக்கிக்கொண்டு தி.நகரில் பழுது பார்ப்பவரிடம் ஓடினேன். அரை மணி நேரம் எதையெதையோ தட்டிப் பார்த்துவிட்டு அவர் நிமிர்ந்தார்.

"இன்னா சார் பண்ணி வச்சிருக்கீங்க? இந்த ஓஎஸ்ல கிளவுட் வேலை செய்றது நின்னே ஒரு வருசம் ஆயிப்போச்சு. டெய்லி மெசேஜ் காட்டிக்கினு இருந்திருக்குமே, பாக்கலியா?"

பார்க்காமல் என்ன? தினமும் திரையில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வரும். கடன் வேண்டுமா என்று கேட்கும் போனைத் துண்டிப்பதுபோல் அதை மூடிவிடுவேன். ஒருநாள் மனைவி அது என்னவென்று கேட்டதற்கு, "எல்லாம் விளம்பரம், மூடிடு" என்று சொல்லிக்கொடுத்த மேதாவியும் நான்தான்.

"அழிச்சதைக்கூட எடுத்துரலாம் சார். அது மேலயே வீடியோவப் போட்டுட்டீங்களே. எதனா மிச்சம் கீதான்னு தேடிட்டேன். ஒண்ணும் இல்ல."

கணினியோடு வீடு திரும்பினேன். அவள் கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். சாப்பாட்டு மேசையில் நீள நோட்டை விரித்து, பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். பேனா மூடியைக் கழற்றினாள்.

"சரி, உட்காருங்க. எனக்கு இப்போ தலையே ஓடல. போன வாரம் நீங்க முழுசாப் படிச்சுட்டு, பிரமாதம்னு சொன்னீங்கல்ல? அந்தக் கீரைக்காரம்மா தன் மகளைப் பத்திச் சொன்ன இடத்துலேருந்து, ஞாபகம் இருக்கறதைச் சொல்லுங்க. எழுதிக்கறேன்."

அன்று கணினியில் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிட்டு, கிரிக்கெட் பார்க்க எழுந்து போனவன் நான்.

"கீரைக்காரம்மாவா?" என்றேன்.

காலையில் அத்தியாயம் காணாமல் போனபோதுகூட அவள் முகம் அப்படி வாடவில்லை.

"ஒரு பக்கம்கூடப் படிக்கலையா?" என்று கேட்டாள்.