தர்ஷினி பேசுகிறாள் என்று நான் போட்ட டிக்

1. காட்டெருமை வந்த நாள்

இருபத்தாறு வருடம் நான் தேயிலை எஸ்டேட்டில் பிள்ளை பார்த்தேன். ஆபீஸ் காகிதத்தில் அந்த இடத்துக்கு கிரீச் என்று பெயர். எங்கள் லயன் வீடுகளில் பாதிப்பேர் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம், அதனால் நாங்கள் பிள்ளைக்காம்பரா என்றுதான் சொல்லுவோம். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் காலை ஏழரைக்குக் குழந்தைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். சாயங்காலம் கொழுந்தின் கடைசி எடை முடிந்ததும் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். நடுவில் உள்ள நேரத்துக்கு ஆயா நான்.

போன வருடம் ரிடையர் ஆனேன். என் இடத்துக்கு ஒரு சின்னப்பெண் வந்திருக்கிறாள். எஸ்டேட்டின் மற்ற டிவிஷன்களிலும் புது ஆட்கள்தான். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெருமையடித்துக்கொள்ள என்னிடம் நிறையக் கதை உண்டு. எழுத உட்கார்ந்தால் அவை எதுவும் வரவில்லை, வெளியே சொல்லக் கூசுகிற இந்த ஒன்றுதான் முன்னால் வந்து நிற்கிறது.

ஐந்தாறு வருடம் முன்பு காம்பராவில் பதினெட்டுப் பிள்ளைகள். நல்ல மழைக்காலம், எதிரே நிற்கிற ஆள் தெரியாத மூட்டம். ஒரு நாள் காலை பத்து மணிக்கு வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒற்றைக் காட்டெருமை வந்து நின்றது. நம் பக்கத்தில் காட்டெருமை அதிசயமில்லை, ஆனால் ஒற்றை என்றால் யாரும் விளையாட மாட்டார்கள். கதவைச் சாத்தினேன். உள்ளே இருட்டைப் பார்த்து ஒரு பிள்ளை அழ, அதைப் பார்த்து இன்னொன்று அழ, பதினெட்டும் சேர்ந்துகொண்டன. சத்தத்துக்கு அது மிரண்டு கதவை முட்டினால் என்ன செய்வது என்று எனக்குக் கைகால் ஓடவில்லை. மகன் வாங்கிக்கொடுத்த டச் போன் இடுப்பில் இருந்தது. அதில் ஒரு பொம்மைப் பாட்டைப் போட்டு ஜன்னல் மேடையில் சாய்த்து வைத்தேன்.

ஒரே நிமிடம். பதினெட்டும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்துவிட்டன. பன்னிரண்டு மணிக்குக் காட்டெருமை போய்விட்டது. போன் போகவில்லை.

2. நல்ல பெயர்

அன்றைக்கு அதை எடுத்து உள்ளே வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மறுநாள் சோறு ஊட்டும் நேரத்துக்குப் போட்டேன். அதற்கு அடுத்த வாரம் தூங்க வைக்க. பிறகு காலையில் தாய்மார் விட்டுவிட்டுப் போகும்போது அழாமல் இருக்க. பிள்ளைகள் போனைப் பார்க்கும், நான் கொஞ்சம் காலை நீட்டி உட்காருவேன். முட்டி வலி அப்போதே ஆரம்பித்திருந்தது என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். சாக்குக்கா பஞ்சம்.

அந்தச் சமயத்தில் வெளியூரிலிருந்து ஆடிட் வந்தார்கள். தேயிலையை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் தொழிலாளர் வசதிகளையெல்லாம் அவர்கள் பார்த்து சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். காம்பராவுக்குள் வந்தவர்கள் அசந்து நின்றார்கள். மூலைக்கு மூலை பிள்ளைகள், ஒரு சிணுங்கல் இல்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "எத்தனையோ எஸ்டேட் பாத்திருக்கேன் ஆயா, இவ்வளவு அமைதியான கிரீச் பாத்ததில்ல" என்றார். அவர் நல்ல மனிதர். பாட்டு ஓடுகிற போனைக் காட்டினேன். அடுத்த மாதமே சுவரில் பெரிய டிவி வந்தது. மற்ற இரண்டு டிவிஷன்களுக்கும் வந்தது. அங்கிருந்த ஆயாக்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்னையே ஜீப்பில் அனுப்பினார்கள். முன் சீட்டில் உட்கார்ந்து போனேன். எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

மூன்று டிவிஷன் பிள்ளைகளையும் டிவி முன்னால் உட்கார வைத்தது நான்தான். முதன்முதலில் போனைச் சாய்த்து வைக்க யாரும் என்னிடம் சொல்லவில்லை.

3. செல்வியின் மகள்

செல்வி கொழுந்து பறிப்பதில் எங்கள் டிவிஷனில் முதல் கை. மகள் தர்ஷினியை எட்டு மாதத்தில் கொண்டுவந்து விட்டாள். அமைதியான பிள்ளை. எனக்கு ரொம்பப் பிடித்தது அதனால்தான்.

டிவி வந்த பிறகு தர்ஷினி கலர்களைச் சொல்ல ஆரம்பித்தாள். ரெட், புளூ, யெல்லோ. ஏ பி சி டி முழுவதும் ராகத்தோடு சொல்லுவாள். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அவளைத்தான் முன்னால் நிறுத்துவேன். சிவப்பு வாளியைக் காட்டினால் ரெட் என்பாள், எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் அந்தப் பிள்ளை தண்ணி என்று சொல்லி நான் கேட்டதில்லை. தாகம் எடுத்தால் என் கையைப் பிடித்துக் குடத்துப் பக்கம் இழுப்பாள். என் முகத்தைப் பார்த்துக்கூட இழுக்க மாட்டாள், கையை மட்டும்தான் பார்ப்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். டிவியில் விளம்பரப் பாட்டு வந்தால் எந்த மூலையிலிருந்தாலும் ஓடிவருவாள்.

ஒரு நாள் சாயங்காலம் செல்வி கூடையை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "ஆயா, பாப்பா ஊட்டுல அம்மானுகூட கூப்புட மாட்டேங்குதுங்க. இங்க ஏதாச்சும் பேசுதுங்களா?"

"இங்க இங்கிலீஷே பேசுதும்மா. உங்க ஊட்டுல அதுகிட்ட யாரு வாய் குடுக்கறீங்க?" என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. புருஷன் திருப்பூரில் வேலை. காலை ஏழரை முதல் இருட்டும்வரை பிள்ளை என்னிடம். பேச்சுக் கொடுக்க வேண்டியவள் நான். முழுப் பூசணிக்காயையும் அவள் சோற்றில் மறைத்தேன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் வளர்ச்சிப் பதிவேடு என்று ஒன்று உண்டு. எந்த வயதில் உட்கார்ந்தது, நடந்தது, பேசியது என்று ஆயாதான் டிக் போட வேண்டும். மாதம் ஒருமுறை ஊசி போட வருகிற நர்சம்மா அதைப் பார்த்து, ஏதாவது கட்டம் காலியாக இருந்தால் குன்னூர் ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லிச் சீட்டு எழுதுவார். இரண்டு வயதுக்குள்ள பக்கத்தில், இரண்டு சொல் சேர்த்துப் பேசுகிறதா என்று ஒரு வரி. அதன் கீழே, வேண்டியதைச் சொல்லிக் கேட்கிறதா என்று இன்னொரு வரி.

இரண்டிலும் டிக் போட்டேன். இரண்டரை வயதுப் பக்கத்திலும் போட்டேன். தெரியாமல் போட்டேன் என்று எழுத எனக்கு ஆசை. தெரிந்துதான் போட்டேன். கட்டத்தைக் காலியாக விட்டால் ஏன் என்று கேள்வி வரும், டிவி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று வரும், ஜீப்பில் முன் சீட்டில் போனவளின் பெயர் என்னாவது. ரெட் புளூ சொல்கிறதே, அதுவும் பேச்சுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நர்சம்மாவிடமும் அவளை ரெட் சொல்ல வைத்தேன். கெட்டிக்காரப் பிள்ளை என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

4. பட்டாணி

தர்ஷினிக்கு மூன்று வயதாக ஒரு மாதம் இருந்தது. ஒரு திங்கட்கிழமை சுண்டலுக்கு ஊறப்போட உலர்ந்த பட்டாணியை முறத்தில் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தன. நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தர்ஷினி முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் அழுகை. சோறு வேண்டாம், பால் வேண்டாம். தலையைச் சுவரில் ஒரு பக்கமாக இடித்தாள். வயிற்று வலி என்று நினைத்து ஓம வாட்டர் கொடுத்தேன். அழுகை நிற்காததால் டிவி சத்தத்தைக் கூட்டினேன். கொஞ்ச நேரம் அடங்குவாள், மறுபடி ஆரம்பிப்பாள். புதன்கிழமையும் இதே கதை, ராத்திரியும் அழுததாகச் செல்வி சொன்னாள். வியாழக்கிழமை காய்ச்சல் அனலாக அடித்தது. காதிலிருந்து சீழ் வடிந்தது. தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டக்டரிடம் சொல்லித் தேயிலை மலையிலிருந்து செல்வியை வரவழைத்து, எஸ்டேட் வண்டியில் குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் சின்ன இடுக்கியை விட்டு எடுத்து வெள்ளைத் தட்டில் போட்டார். ஊறிப் பருத்த ஒரு பட்டாணி. மூன்று நாள் அந்தப் பிள்ளையின் காதுக்குள் அது வீங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாளும் அவள் என் முன்னால்தான் இருந்தாள்.

"மூணு வயசாகப் போகுது, காது வலிக்குதுன்னு சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார். செல்வி இல்லை என்று தலையாட்டினாள். தண்ணி வேண்டுமென்றால் எப்படிக் கேட்பாள் என்றார். கையைப் பிடித்து இழுப்பாள் என்றாள் செல்வி. அவர் நல்ல காதுப் பக்கம் மணியடித்துப் பார்த்தார். காது கேட்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டார், திரும்பவில்லை. மேசைமேல் சிவப்பு மூடி போட்ட பாட்டில் இருந்தது. வீங்கிய காதோடு, கண்ணில் நீரோடு, அதைப் பார்த்து தர்ஷினி "ரெட்" என்றாள்.

அறைக்குள் யாரும் கைதட்டவில்லை.

போன், டிவி எவ்வளவு நேரம் பார்க்கிறாள் என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி சொன்னாள். "ஊட்டுல சோறாக்கறப்ப நான்தாங்க போனைக் குடுத்துருவேன். என் தப்புத்தானுங்க." அரை மணி நேரமோ முக்கால் மணி நேரமோ இருக்கும் அது. நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். பிள்ளையின் ஸ்வெட்டரை மடித்துக் கையில் வைத்திருந்தேன். அதை மறுபடி பிரித்து மறுபடி மடித்தேன்.

டாக்டர் அவளைத் திட்டவில்லை. போன், டிவியால் மட்டுமே இப்படி ஆகும் என்று சொல்ல முடியாது, பிறவியிலேயே பேச்சு தாமதிக்கிற பிள்ளைகளும் உண்டு, ஆனால் அப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் முகம் பார்த்துப் பேச ஆள் வேண்டும், அந்த நேரத்தை டிவி தின்றுவிடும் என்றார். பிறகு, "ரெண்டு வயசுலயே வந்திருக்கணும். அப்ப யாருமே கவனிக்கலையா?" என்றார்.

செல்வி என்னை ஒரு தரம் பார்த்தாள். "நான்தாங்க கவனிக்கல" என்றாள்.

அப்போதும் நான் பேசவில்லை. தண்ணி கேட்கத் தெரியாத பிள்ளையைக் காட்டி நர்சம்மாவிடம் அவ்வளவு பேசின வாய்.

5. சத்தம்

மறுநாள் டிவியைச் சுவரிலிருந்து கழற்ற வைத்து ஆபீஸ் ஸ்டோரில் கொடுத்தேன். போனைப் பெட்டியில் பூட்டினேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். இரண்டு வாரம் காம்பரா சந்தைக்கடையாக இருந்தது. பிள்ளைகள் வெறும் சுவரைப் பார்த்து அழுதன. மேனேஜர் வந்து, "என்ன ஆயா, இவ்வளவு சத்தம்?" என்றார். பிள்ளைங்க சத்தம் போடத்தாங்க செய்யும் என்று மட்டும் சொன்னேன். மற்ற இரண்டு டிவிஷனுக்கும் போய் எடுக்கச் சொன்னேன். இந்தத் தடவை ஜீப் கிடைக்கவில்லை, நடந்துதான் போனேன். ஒரு டிவிஷனில் கேட்டார்கள். இன்னொன்றில், நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அங்கே இன்னும் ஓடுகிறது.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒரு நாள் கோயம்புத்தூர் போக வேண்டும். காலை பஸ்ஸில் பர்லியார் மலைப்பாதை வழியாக இறங்கி, இருட்டியபின் ஏறி வருவாள் செல்வி. அன்றைக்கு அவளுக்கு வேலை இல்லை, பேர் விழாது, கூலியும் கிடையாது. மற்ற நாட்களில் அங்கே சொல்லிக்கொடுத்ததை நான் செய்தேன். தண்ணி டம்ளரை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு தண்ணி, தண்ணி என்று சொல்லிக் காத்திருக்க வேண்டும். கையை இழுத்தால் உடனே கொடுக்கக் கூடாது. நாலாவது மாதம் ஒரு மத்தியானம் அவள் என் வாயையே பார்த்து "தண்ணி" என்றாள். நான் கொல்லைப்புறம் போய் அழுதேன். சந்தோஷம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

6. கடைசி நாள்

நான் ரிடையர் ஆன அன்று மாலை போட்டார்கள், சால்வை போட்டார்கள், பிள்ளைகளின் தெய்வம் என்று ஒருவர் பேசினார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பதிவேட்டை எடுத்துக்கொண்டு நேராகச் செல்வி வீட்டுக்குப் போனேன். தர்ஷினிக்கு அப்போது ஐந்து வயது, ஸ்கூலில் சேர்த்தாகிவிட்டது. வாக்கியமாகப் பேசுகிறாள், மற்ற பிள்ளைகளைவிட மெதுவாக. பக்கத்தைத் திறந்து செல்வியிடம் காட்டினேன். இது பொய், தெரிந்தே போட்டேன், அன்றைக்கு டாக்டரிடம் சொல்லாமல் உன்னைப் பழி ஏற்க விட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் பதிவேட்டைப் பார்க்கவில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"தெரியுமுங்க ஆயா. கோயம்புத்தூர்ல மொத மாசமே பழைய பதிவெல்லாம் கேட்டாங்க. நர்சம்மா வெச்சிருந்த காப்பிய வாங்கிட்டுப் போனேன். அதுல உங்க டிக் இருந்துச்சுங்க."

இரண்டு வருடமாகத் தெரியும். தினமும் காலையில் என்னைப் பார்த்துச் சிரித்துத்தான் பிள்ளையை விட்டுவிட்டுப் போனாள். ஏன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"கேட்டுப்போட்டு, அடுத்த நாள் காலைல பாப்பாவ யாருகிட்டங்க உட்டுப்போட்டு மலைக்குப் போறது?" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு டீ போட எழுந்து போனாள்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பெண்களே, டிவியைப் பற்றி டாக்டர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லுவார்கள், அவர்களைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது இதுதான். பிள்ளை சத்தமில்லாமல் இருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். டிக் போடும் முன் அது உங்களிடம் தண்ணி கேட்கிறதா என்று பாருங்கள். ஒரு தாய் உங்களை எதிர்த்துக் கேட்கவில்லை என்றால், உங்களை நம்புகிறாள் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். காலை ஏழரைக்குப் பிள்ளையை விட அவளுக்கு வேறு இடம் இல்லை.