பாப்பரசர் சொல்லாத வரி

எந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தாலும் முதலில் அதைப் பின்பக்கம் திருப்பித்தான் பார்ப்பேன். தேனியில் பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்து முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவனுக்கு இந்தப் புத்தி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். செத்துப்போனவர் கைநாட்டு வைத்த பத்திரத்தைப் பார்த்திருக்கிறேன். பிறக்காத பிள்ளைக்கு எழுதிய தான செட்டில்மெண்டைப் பார்த்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தால்கூட, அந்தத் தேதி அந்தக் கிழமைதானா என்று காலண்டரில் சரிபார்த்துவிட்டுத்தான் வாழ்த்துச் சொல்வேன். "உங்களுக்குப் பரலோகத்துல இடம் குடுத்தாலும் வில்லங்கம் போட்டுப் பாத்துட்டுத்தான் உள்ள போவீக" என்பாள் என் மனைவி. போவேன்தான், அதிலென்ன தப்பு?

போன வருஷம் அக்காவின் மகள் சென்னையிலிருந்து போன் செய்தாள்.

"மாமா, அம்மா ஆபரேஷனுக்கு வரமாட்டேங்குது. பாப்பரசர் வேணாம்னு சொல்லியிருக்காராம்."

அக்காவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. வீட்டிலிருந்து தோட்டத்துக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்துதான் போவாள். மதுரை டாக்டர் கார்த்திகையில் நாள் குறித்துக் கொடுத்திருந்தார். அதற்கு மேல் தள்ளினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று மகளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியும் இருந்தார். மகள் லீவு சொல்லி, டிக்கெட் போட்டு, எல்லாம் முடித்த பிறகு அக்கா இப்படிச் சொல்கிறாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அக்காவின் மேல் இல்லை, அவள் தலையில் இதை ஏற்றிவிட்டவர் மேல்.

மறுநாளே கம்பம் பஸ் ஏறினேன். அக்காவின் வீடு கம்பத்துக்குத் தெற்கே, பன்னீர் திராட்சைப் பந்தலை ஒட்டி இருக்கிறது. அவள் வீட்டுக்காரர், என் மாமா, காலமான பிறகு அவள்தான் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறாள். என்னைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. காபி கொடுத்தாள். பிறகு பைபிளுக்குள்ளிருந்து இரண்டு தாள்களை எடுத்து நீட்டினாள்.

"நீயே படிச்சுப் பாருடா. நானாச் சொல்லல. திருத்தந்தை சொன்னாக."

தாள்களில் இருந்தது அக்காவின் கையெழுத்துதான். அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அவர்களுடைய ஜெபக் கூட்டத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. இந்த மாதிரிக் காகிதம் ஒரு வீட்டுக்கு வந்தால், ஜெபமாலை சொல்லிக்கொண்டே அதைக் கையால் ஒரு பிரதி எழுதி, வந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த வீடு இந்தப் பிரதியைப் பார்த்து எழுதும். ஜெராக்ஸ் எடுத்தால் பலன் இல்லையாம்.

நான் அதைப் படித்தேன். பல வருஷத்துக்கு முன் காலமான ஒரு பாப்பரசர் ரகசியமாகச் சொல்லி வைத்த தீர்க்கதரிசனம் அது என்றது தலைப்பு. மூன்று நாள் உலகம் இருண்டுபோகும். மந்திரித்த மெழுகுவர்த்தி மட்டும் எரியும். வீட்டை விட்டு வெளியே இருப்பவர்கள் உயிரோடு திரும்ப மாட்டார்கள். இதெல்லாம் எப்போது நடக்கும் என்பதற்கும் ஒரு வரி இருந்தது: "திராட்சைத் தோட்டங்களில் வருஷத்தின் இரண்டாம் அறுவடை முடியும் மாதத்தில், பிள்ளைகள் அழைத்தாலும் வீட்டை விட்டுப் போகாதிருங்கள்."

கடைசியில், ஆயரின் அனுமதி பெற்றது என்று போட்டிருந்தது. எந்த ஆயர், எந்த ஊர், என்ன தேதி? ஒன்றும் இல்லை. இப்படி ஒரு காகிதத்தை என் மேஜைக்குக் கொண்டுவந்திருந்தால் கொண்டுவந்தவரை உட்காரக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

"இதுக்கு மூலப் பத்திரம் எங்கக்கா?" என்றேன்.

"எது?"

"முதல்ல யாரு யாருக்கு எழுதிக் குடுத்தாக? பாப்பரசர் சொன்னதக் கேட்டது யாரு? சாட்சி யாரு?"

"ஒனக்கு எல்லாமே நெலம்தானா?" என்று சொல்லிவிட்டு அவள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வருஷம்தான் ரோமில் பதவியில் இருந்த பாப்பரசர் காலமாகிப் புதியவரைத் தேர்ந்தெடுத்துக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. புதியவர் முடிவானதும் அங்கே விடும் வெள்ளைப் புகையைப் பார்க்க ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகு ஆளாளுக்கு வாட்ஸப்பில் தீர்க்கதரிசனம்தான். அக்காவின் பக்கத்துத் தோட்டக்காரர் அம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டித் தீச்சட்டி எடுக்கிறவர். அவரே சர்ச் வாசலில் ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி வாங்கி வைத்திருந்தார். "எதுக்கும் இருக்கட்டும்ணே" என்றார் என்னிடம்.

இரண்டு தாளையும் போனில் படம் எடுத்துக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனேன். அவர் இளவயதில் மூன்று வருஷம் ரோமில் தங்கிப் படித்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இந்தப் பாப்பரசர் பேசுனது, எழுதுனது எல்லாம் புஸ்தகமா வந்திருக்கு. இந்த இருட்டு, மெழுகுவர்த்தி எதுவும் அதுல கெடையாது. யாரோ ஒரு கன்னியாஸ்திரி கிட்ட சொன்னாராம், அவுக வேற யாருகிட்டயோ சொன்னாகளாம். சொன்னவரும் இல்ல, கேட்டவகளுக்குப் பேரும் இல்ல. செத்துப்போன பாப்பரசர் வந்து மறுக்கவா போறாரு?"

எனக்கு அந்த மனிதரை அந்த நிமிஷம் மிகவும் பிடித்துப்போயிற்று. என் தொழிலுக்கு வந்திருந்தால் நன்றாகப் பிழைத்திருப்பார்.

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். எங்கோ ஒரு ஜெப வீட்டில் அச்சடித்தது. இதே தீர்க்கதரிசனம்தான். வரி வரியாக ஒத்துப் பார்த்தேன். இருட்டு இருந்தது, மெழுகுவர்த்தி இருந்தது, பெயரில்லாத ஆயரும் இருந்தார். ஆனால் மாதம் குறித்த அந்த வரி மட்டும் இல்லை. அந்த இடத்தில், "எப்போது என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை" என்று இருந்தது.

"சாமி, ரோமாபுரிப் பக்கம் திராட்சை வருஷத்துக்கு எத்தன அறுவட?"

"ஒண்ணுதான். பனிக்காலத்துல கொடியெல்லாம் மொட்டையா நிக்கும்." சொல்லிவிட்டு ஒரு நொடி யோசித்தார். பிறகு சிரித்தார். "ரெண்டாம் அறுவடைன்னா நம்மூரு பாப்பரசராத்தான் இருக்கணும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொய்ப் பத்திரத்தைப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம்தான் வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். எங்கள் பள்ளத்தாக்கில்தான் திராட்சை காய்த்துக்கொண்டே இருக்கும். ஒரு தோட்டத்தில் கவாத்து வெட்டும்போது அடுத்த தோட்டத்தில் காய் பழுக்கும். உலகத்துக்கே இரண்டாம் அறுவடை உண்டு என்று நினைக்கிறவர் கம்பத்தைத் தாண்டி யோசிக்காதவராகத்தான் இருக்க முடியும். பொய் எழுதியவர் இங்கேதான் எங்கேயோ இருக்கிறார். யார்?

எனக்கு உடனே ஜெபக் கூட்டத்தை நடத்தும் டீச்சர் மேல்தான் சந்தேகம் போயிற்று. ஓய்வு பெற்றவர். கூட்டத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அக்கா ஒரு வியாழக்கிழமை கூட்டத்துக்குப் போகவில்லையென்றால் வீடு தேடி வந்து விசாரிப்பார். ஆஸ்பத்திரி, மதுரை என்று ஆட்களைத் தன் பிடியிலிருந்து விடப் பிடிக்காமல் இவர்தான் எழுதியிருப்பார் என்று முடிவே கட்டிவிட்டேன். அவர் வீட்டுக்குப் போய், வணக்கம் சொன்ன கையோடு கேட்டும் விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார்.

"முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைகளுக்கு டிக்டேஷன் போட்டவ நான். ஒரு வரி கூட்ட மாட்டேன், கொறைக்க மாட்டேன். பாத்துக்கங்க."

பார்த்தேன். சிறு புத்தகத்தில் இருந்தது அப்படியே இருந்தது. அறுவடை வரி இல்லை.

"இங்கன இருந்து உங்க அக்காதான் வாங்கிட்டுப் போனாக. மத்த வீடுகளுக்குப் போனதெல்லாம் அவுக எழுதுனதப் பாத்து எழுதுனதுதான்" என்றார். பிறகு கொஞ்சம் மெதுவாக, "அக்காவுக்கு ஒடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அங்கிருந்து அக்கா வீட்டுக்கு நடந்தே போனேன். பத்திரம் எழுதும் இடத்தில் எழுதிக் கொடுத்தவரைச் சந்தேகப்படுவோம், வாங்கியவரைச் சந்தேகப்படுவோம், சாட்சியைச் சந்தேகப்படுவோம். நகல் எழுதியவரை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தில்தான், முதல் நாளே என் கையில் இருந்த கையெழுத்தைப் பார்த்தும் பார்க்காமல் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன். அக்கா தோட்டத்தின் இரண்டாம் அறுவடை இந்த வருஷம் எப்போது முடிகிறது என்று பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டேன். "கார்த்திகையிலதாண்ணே" என்றார்.

அக்கா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். சாமியார் கொடுத்த புத்தகத்தையும் அவளுடைய தாள்களையும் அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"நான்தான் எழுதுனேன். இப்ப என்னாங்கிற?"

"எதுக்குக்கா?"

"பயமா இருக்குன்னா விடுவீகளா? பிள்ளைககிட்ட சொன்னா, பயப்படாதம்மாங்குதுக. டாக்டர்கிட்ட சொன்னா சிரிக்கிறாக. பாப்பரசர் சொல்லிட்டாகன்னா ஒருத்தரும் பயப்படாதன்னு சொல்ல மாட்டாகல்ல."

ஒரு காயை உரித்துத் தட்டில் போட்டாள்.

"எழுதி முடிச்சிட்டு ஒரு தடவ வாசிச்சுப் பாத்தேன். நம்ம எழுதுனதுதான்னு நல்லாத் தெரியுது. ஆனா அன்னைக்கிருந்து எனக்கே தூக்கம் வரமாட்டேங்குதுடா."

பொய் என்று நிரூபித்தாகிவிட்டது. எழுதியவளே ஒப்புக்கொண்டும் விட்டாள். வந்த நாளிலிருந்து காகிதத்தைப் பற்றித்தான் கேட்டேனே தவிர, உனக்குப் பயமா இருக்கா என்று ஒரு தடவைகூட அவளிடம் கேட்கவில்லை. இப்போது கேட்கவும் வாய் வரவில்லை. பழக்கதோஷத்தில், "பயப்படுறதுக்கு ஒண்ணும் இல்லக்கா. மதுரையில நல்லாப் பாக்குறாக. பேப்பரெல்லாம் நானே வாசிச்சுப் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

அவள் மொச்சையை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒங்க மாமாவுக்குக் கொடல்ல ஆபரேஷன் பண்ணப்பவும் நீதான வாசிச்ச? அந்த ஃபாரத்துல வயசு தப்பா இருக்குன்னு திருத்தக்கூடச் செஞ்ச. எல்லாம் சரியா இருக்குக்கா, பயப்படாதன்னுட்டு, சாட்சிக் கையெழுத்தும் போட்ட."

அது உண்மை. அப்படித்தான் செய்தேன். மூன்றாம் நாள் மாமா போய்விட்டார். டாக்டர்கள் மேல் தப்பு இல்லை, எல்லாம் செய்துதான் பார்த்தார்கள். ஆனால் அந்த ஃபாரத்தை நான் அதற்குப் பிறகு ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவள் தினமும் நினைத்திருக்கிறாள் என்பது அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது, எதற்கு என்று தெரியவில்லை. தட்டைப் பக்கத்தில் இழுத்து ஒரு காயை எடுத்தேன்.

ரொம்ப நேரம் இருவரும் மொச்சை உரித்தோம். உரித்து முடித்ததும் அக்கா தோலை முறத்தில் அள்ளிக்கொண்டு எழுந்தாள். எழும்போது மூச்சு வாங்கியது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"டிக்கெட்ட மாத்த வேணாம்னு புள்ளகிட்ட சொல்லிரு. போறேன்" என்றாள்.

நான் போனை எடுத்தேன்.

"ஏலே," என்றாள் திரும்பாமலே. "இந்தத் தடவ நீ கையெழுத்துப் போடாத."