மூடிய குப்பியின் வாசம்

என் வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியின் மேல் விரலளவு மரக்குப்பி ஒன்று நிற்கிறது. சிவப்பும் பச்சையுமாய்ப் பூ வரைந்த மரக்கூடு. உள்ளே சின்னக் கண்ணாடிக் குழாயில் சில துளி ரோசா எண்ணெய். பல்கேரியாவில் வாங்கியது. தூசி தட்டும்போதெல்லாம் அந்தப் பயணத்தில் ஒருநாள் நடந்தது நினைவுக்கு வந்து வயிறு எரியும். எறிந்துவிடலாம்தான், ஆனால் அது என்னுடையதல்ல, அத்தானுடையது. "உன்னட்டைக் கிடக்கட்டும் தம்பி, அக்கா கண்டால் அழுவாள்" என்று தந்துவிட்டுப் போனார்.

அத்தான் என் அக்காவின் கணவர். பாரிசில் ரூ லூயி-பிளாங்க் தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் தலைமைச் சமையல்காரராக இருந்தார். அதே கடையில் நான் பரிமாறுகிறேன். கொரோனா வந்து போனதில் அவருக்கு மணம் தெரியாமல் போய்விட்டது. காய்ச்சல் மாறியது, இருமல் மாறியது, மூக்கு மட்டும் திரும்பி வரவில்லை. சமையல்காரனுக்கு மூக்குப் போனால் பிறகு என்ன மிச்சம்? முதலாளிக்குத் தெரிந்தால் அடுப்படியை விட்டு இறக்கிவிடுவார்கள் என்று என்னையும் அக்காவையும் சத்தியம் பண்ணவைத்தார். கறித்தூளுக்கு மல்லியும் சீரகமும் வறுக்கிற நாளில் நான் ஏதாவது சாக்குச் சொல்லிக் குசினி வாசலில் போய் நிற்பேன். பதமான மணம் எழும்பியதும் கதவில் மெல்லத் தட்டுவேன். அவர் தாச்சியை இறக்குவார். இப்படியே காலம் ஓடியது, ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ரோசா, எலுமிச்சை, கராம்பு என்று தினமும் முகர்ந்து பழகச் சொன்னார்கள். அத்தான் அதில் ரோசாவை மட்டும் பிடித்துக்கொண்டார். கடையில் விற்கிற பூவில் என்ன இருக்கிறது, பூத்த வயலில் நின்று இழுத்தால் மூக்குத் திறந்துவிடும் என்று ஒரே பிடி. அந்த நேரம் பார்த்து எங்கள் கடை முதலாளியம்மா, ரோசா வயலுக்குப் பேர்போன பல்கேரியாவுக்குச் சுற்றுலா போக ஒரு சின்னக் குழு சேர்த்தார். எட்டுப் பேர், ஒரு வான், எல்லோரும் எங்கள் லாச்சப்பல் பகுதித் தமிழ் ஆட்கள். முப்பது வருடமாக வக்கான்ஸ் லீவு என்றால் வீட்டில் படுத்துக் கிடக்கிற அத்தான், முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார், நானும் கூடச் சேர்ந்தேன்.

பூவை விடியலில்தான் பறிப்பார்கள், வெயில் ஏறினால் மணமும் போய்விடும், பறிக்கிறவர்களும் போய்விடுவார்கள் என்று வழிகாட்டிப் பெண் முதல்நாளே படித்துப் படித்துச் சொன்னாள். அத்தான் இருட்டோடு எழும்பி வானுக்குப் பக்கத்தில் போய் நின்றார். முதலாளியம்மா தலை முழுகி, தேத்தண்ணி குடித்து, பாணுக்குக் கொண்டுவந்த சம்பலைப் பெட்டிக்குள் தேடி எடுத்து முடிக்க, ராகுகாலம் வந்துவிட்டது. ராகுகாலத்தில் வெளிக்கிடக்கூடாதாம். சரி என்று எல்லோரும் ஹோட்டல் வாசலில் குந்தியிருந்தோம். அது முடிந்தும் அவர் எழும்பவில்லை. பார்த்தால், கையில் கட்டியிருந்த மணிக்கூடு இன்னும் பாரிஸ் நேரத்தில் ஓடுகிறது.

"அக்கா, இஞ்சை பாரிசைவிட ஒரு மணித்தியாலம் முந்தி. ராகுகாலம் முடிஞ்சுது" என்றேன் முதலாளியம்மாவிடம்.

"நான் லாச்சப்பல் கோயில் கலண்டரைத்தான் பாக்கிறன் தம்பி. வக்கான்ஸ் வந்த இடத்திலை ஏன் இப்பிடி அந்தரப்படுறாய்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தான் ஏன் வாசலுக்கும் வானுக்குமாக நடக்கிறார் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் யாருக்குத் தெரியக்கூடாதோ அவரிடம் எப்படிச் சொல்வது? காரணம் சொல்ல முடியாமல் அவசரப்படுத்துகிறவனை ஒருவரும் மதிக்கமாட்டார்கள். வழிகாட்டிப் பெண் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு அப்பால் போனாள்.

போய்ச் சேர உச்சி வெயில். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் புதர்கள், பூ இல்லை. அத்தான் வரிசை வரிசையாக நடந்து, பறிக்கத் தவறிய ஒரு பூவைக் கண்டுபிடித்து முகத்தோடு வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். வாங்கி முகர்ந்து பார்த்தேன். வாடின பூ, எனக்கே மணக்கவில்லை. "காலமை வந்திருந்தால்..." என்றார். அதன்பின் பழங்காலத்து அரசன் ஒருவனின் கல்லறையைக் காட்டக் கூட்டிப்போனார்கள். அசலைப் பூட்டி வைத்துவிட்டு, பக்கத்தில் அதேபோலக் கட்டிய நகலைத்தான் காட்டினார்கள். எனக்கிருந்த எரிச்சலில் சுவரில் தீட்டியிருந்த சித்திரங்களில் ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை.

திரும்ப வானில் ஏறியதும் முதலாளியம்மா, தான் வாங்கிய மரக்குப்பி ஒன்றை அத்தானிடம் ஆசையாக நீட்டினார். "எப்பிடி அண்ணை வாசம்?"

அத்தான் மூக்கருகே பிடித்து, கண்ணை மூடி இழுத்தார். "சோக்கான வாசம்."

குப்பியின் மூடி இன்னும் திறக்காமல் இறுகத் திருகினபடியே இருந்தது. முதலாளியம்மா மூடியைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீங்களே வைச்சிருங்கோ அண்ணை" என்று மட்டும் சொன்னார்.

பாரிசுக்குத் திரும்பிய கையோடு, அண்ணைக்கு இனி அடுப்புச் சூடு கூடாது என்று சொல்லி, நகருக்கு வெளியே ஒபர்வில்லியேயில் இருக்கிற தங்கள் சாமான் களஞ்சியத்துக்கு அவரை மாற்றினார்கள். வேலையை விட்டு நிற்பாட்டவில்லை, சம்பளமும் குறைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நல்லது செய்கிறவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? ராகுவோடுதான் பிடிக்கவேண்டும்.

போன ஞாயிறு அத்தான் மார்க்ஸ் டோர்மோயில் என் வீட்டுக்கு வந்திருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, குப்பியை எடுத்துத் திருகித் திறந்து, உள்ளே இருந்த அடைப்பையும் கழற்றி அவரிடம் கொடுத்தேன். குசினி முழுக்க ரோசா. அவர் இழுத்தார், மறுபடியும் இழுத்தார். சோக்கான வாசம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துகொண்டு நின்றேன்.

"ஒண்டுமில்லைத் தம்பி" என்றார். குப்பியை என் கையில் தந்தார். "கெதியா மூடு. வாசம் போயிடும்."