தானாக நடக்கும் என்று சொன்னவர்

ரசாயன ஆலையில் அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘ஆகும் சார்’. எதையாவது எதோடாவது கலப்பதற்கு முன்னால் அவரிடம்தான் வருவார்கள். வினை தானாக நடக்குமா, நடக்காதா? வெப்பம் வெளியேறினால் ஒரு சாதகம், துகள்கள் கலைந்து சிதறினால் இன்னொரு சாதகம். இரண்டும் எதிரும் புதிருமாக நின்றால் வெப்பநிலையைப் பார்த்துத் தீர்ப்பு. வெப்பத்தை வாங்கிக்கொண்டாலும் வெளியே வைத்த பனிக்கட்டி தானாக உருகுவது அந்தச் சிதறலால்தான் என்று, கேட்காதவர்களுக்கும் விளக்குவார். மனுஷனுக்கு வேறு பேச்சே கிடையாது.

ஆனால் கெட்டிக்காரர். ‘ஆகும்’ என்று எழுதி அதோடு நிறுத்த மாட்டார். எந்தப் பக்கம் போகும் என்பதைத்தான் கணக்கு சொல்லும், எப்போது என்று சொல்லாது. சுத்தமான தண்ணீர் உறைநிலைக்குக் கீழே போயும், அசைக்காமல் விட்டால் தண்ணீராகவே கிடக்கும். பனித்துகள் ஒன்று விழுந்தால் போதும், கண்ணெதிரே கட்டியாகிவிடும். அதனால் அப்படிப்பட்ட இடங்களில் அடியில் ஒரு வரி சேர்ப்பார்: ‘தூண்டுதல் வேண்டும்.’

மகன் படிப்பைப் பாதியில் விட்டு மோட்டார் பட்டறையில் சேர்ந்தபோது வீடே அதிரக் கத்தினார். ரோஷக்காரப் பையன். அன்றே பையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான்.

மனைவி போனை எடுத்தாள். இவர் பிடுங்கி மேசையில் வைத்தார்.

“வேணாம். நாம கூப்பிட்டா தலைக்கு மேல ஏறி உக்காந்துக்குவான். தானா வருவான் பாரு.”

“நிஜமா வருவானாங்க?”

“வருவான்னா வருவான்.”

வீட்டு விஷயத்தில் அந்தக் கடைசி வரியை மனுஷன் சேர்க்கவில்லை. ஆலையே நம்புகிற வாய் ஆயிற்றே, மனைவியும் நம்பினாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் அடுப்பைக் குறைத்துவிட்டுக் காது கொடுப்பாள். இப்படியே வருஷங்கள் ஓடின. ஒருநாள் காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். மாரடைப்பு.

சாவுச் சேதி கேட்டு மகன் வந்தான். ஒருவிதத்தில் கணக்கு பலித்தது. அவருக்கு அழுகையும் வரவில்லை, ஆத்திரமும் வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நிற்பவர்போல், வந்தவர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

எல்லாரும் போன பிறகு மகன் சமையலறையில் டம்ளர்களைக் கழுவினான்.

“அம்மா ஏம்ப்பா ஒரு தடவகூடக் கூப்பிடல? அவங்க குரலக் கேட்டிருந்தா அன்னிக்கே ஓடி வந்திருப்பேன். என்னைத் தலைமுழுகிட்டாங்கன்னு நெனச்சேன்.”

“நான்தான் கூப்பிட வேணாம்னேன்.”

குரல் கொஞ்சமும் கம்மவில்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது. மகன் ஈரக் கையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அம்மாவுக்கு எம்மேல கோவமில்லையா?”

“இல்லடா. காத்துக்கிட்டுதான் இருந்தா.”