நகத்தளவு ஆட்கள்

அலுவலகத்தில் அவளை எல்லாரும் 'ஸ்கேல் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கொண்டையில் எப்போதும் ஓர் ஆறங்குல ஸ்கேல் செருகியிருக்கும். பதினெட்டு வருடமாக அங்கே ஆர்க்கிடெக்ட். கட்டடத்தின் உயரம் பார்க்கிறவர்களுக்குப் பிடிபட வேண்டும் என்று வரைபடத்தில் வாசலிலோ மாடியிலோ இரண்டொரு மனித உருவம் போடுவது வழக்கம். மற்றவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பொம்மைகளை ஒட்டிவிடுவார்கள். அவள் மட்டும் கையால் போடுவாள். கட்டைவிரல் நகத்தளவு ஆள். யோசிக்கவே மாட்டாள், கை போன போக்கில் வரும்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு மத்தியானம், புது வீடு கட்ட வந்த ஓர் அச்சகக்காரர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். மாடி ஜன்னலில் ஒரு பெண், ஒரு தோள் இறங்கி, கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடி முடியை அள்ளி முடிந்துகொண்டிருந்தாள்.

"இவள உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"யாரையும் பாத்து வரையல சார். சும்மா போட்டது."

"என் வீட்டுக்காரிம்மா. போய்ச் சேந்து மூணு வருஷமாச்சு. சின்ன வயசுல எலும்பு உடைஞ்சு, தோள் இப்படித்தான் இறங்கியிருக்கும்."

அவள் ரப்பரை எடுத்தாள். அவர் சட்டென்று உள்ளங்கையால் படத்தை மூடிக்கொண்டார்.

வீட்டில் சொன்னபோது கணவர் சிரித்தார். மருந்துக்கடைக்காரர்; கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டே திரிபவர், எதற்கும் ஒரு மாத்திரை வைத்திருப்பவர். "காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை. இதுக்குப் போய் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு!"

அடுத்த மாதம் ஒரு கிளினிக்குக்கு வரைந்தாள். படிக்கட்டில் ஒரு கிழவர், ஒரு காலில் மட்டும் செருப்பு. கிளினிக் டாக்டரம்மா படத்தை எடுத்துப்போய் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்பாவக் கடைசியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடறப்ப ஒரு செருப்பு விழுந்துடுச்சு. திரும்பி எடுக்கல. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

அன்றோடு ஆள் போடுவதை நிறுத்தினாள். முதலாளி முணுமுணுத்தார். "என்னம்மா இது, ஈ காக்கா இல்லாம? பாக்கவே பயமா இருக்கே!" அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. காலி ஜன்னல் ஒவ்வொன்றிலும் யாரோ இப்போதுதான் உள்ளே நகர்ந்துகொண்ட மாதிரி தெரிந்தது.

ஒருநாள் போனில் ஒரு மேஸ்திரியோடு பேசிக்கொண்டே கை சும்மா கிறுக்கியது. பேசி முடித்துக் குனிந்தால், தாள் முழுக்க ஆட்கள். நாற்பது பேருக்குக் குறையாது. இத்தனை வருடமாக அவள் போட்ட ஆட்கள் தங்கள் பாட்டுக்கு நடப்பார்கள், துணி உலர்த்துவார்கள், பேப்பர் படிப்பார்கள். இவர்கள் எதுவும் செய்யவில்லை. அத்தனை பேரும் அவளையே பார்த்து நின்றார்கள், தங்கள் முறைக்குக் காத்திருப்பது போல. நகத்தளவில் யார் முகமும் பிடிபடவில்லை.

அந்த வாரமே வேலையை விட்டாள்.

"பதினெட்டு வருஷ வேலைய விட்டுட்டுப் படம் வரையப் போறியா?"

"என்னால வரையாம இருக்க முடியலங்க."

கணவர் அவள் விரலில் படிந்திருந்த பென்சில் கரியைப் பார்த்தார். "சரி, போ. தலைவலி வந்தா நம்ம கடை இருக்கு."

தையற்கடைக்கு மேலே ஓர் அறை பிடித்தாள். ஆளுயரக் கேன்வாஸ் துணியில் அந்தத் தாளிலிருந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி முகம் கொடுத்தாள். முகம் முடிந்ததும் அறை கொஞ்சம் லேசாகும். நான்கு வருடத்தில் மூன்று கண்காட்சி. பலருக்கு அவை வெறும் ஓவியங்கள். எப்போதாவது ஒருவர் ஏதோ ஒரு படத்தின் முன்னால் நின்றவர் நின்றபடியே தேம்புவார். அவள் போய் எதுவும் கேட்பதில்லை.

கணவர் டீ கொண்டு வரும்போதெல்லாம் வம்பிழுப்பார். "ஊர்பேர் தெரியாதவனையெல்லாம் வரையற. கட்டினவன ஒரு தடவை வரையக் கூடாதா?"

"அந்தப் பேச்சே வேண்டாம்."

ஆறு மாதம் முன்பு ஒரு காலை, புதுத் துணியில் தோளும் கழுத்தும் போட்டாகிவிட்டது. நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட கண்ணாடியைத் தீட்டும்போதுதான் அது யார் என்று அவளுக்குப் புரிந்தது. தூரிகையைக் கீழே வைத்துவிட்டுத் துணியைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். முகம் இன்னும் வெறுமைதான். அதைத் தொடவே மாட்டேன் என்று இருக்கிறாள். கிழிக்கவும் துணிவில்லை.

கணவர் நன்றாகத்தான் இருக்கிறார். தினமும் கடை திறக்கிறார். ஆனால் டீயோடு வருகிறவர் படியில் இருமினால், அவள் முதலில் அவரைப் பார்ப்பதில்லை. ஓடிப்போய் அந்தப் படத்தைத்தான் திருப்பிப் பார்க்கிறாள், முகம் வந்துவிட்டதா என்று.